குத்தால சீசனும் புக்கெட் சிவப்புக் கொடியும்: தென்கிழக்கு ஆசியாவில் எந்த மாசம், எந்தக் கரை?

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.]

 

பேக்பேக்கிங் பத்தி பேச ஆரம்பிச்சதிலிருந்து இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "ப்ரோ, ஜூலைல புக்கெட்ல ரூம் எல்லாம் ரொம்ப சீப்பா காட்டுது. புக் பண்ணிடலாமா?"

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லலாம். ஆனா அந்த ஒரு வரியை நான் கத்துக்கிட்ட விதம் அவ்வளவு சந்தோஷமானது இல்லை. அதனால கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெயில் அடிக்குது, எதுக்குடா சிவப்புக் கொடி?

ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு மாறும்போது நடுவுல ஆறு வாரம் கிடைச்சுது. நானும் என் காலேஜ் நண்பனும் கிளம்பிட்டோம். பாங்காக்ல இறங்கி, பஸ், ரயில், படகுன்னு தெற்கே போய், மலேசியா வழியா சிங்கப்பூர் வரைக்கும் போறதுதான் பிளான். ரெண்டு பேரும் சாஃப்ட்வேர் ஆளுங்க, அதனால கண்டிப்பா ஒரு எக்செல் ஷீட் இருந்துச்சு. ஊர், ஹாஸ்டல், ஒரு ராத்திரிக்கு எவ்வளவு, பஸ் எத்தனை மணி நேரம்னு பதினாலு காலம். எல்லாத்தையும் விலையை வச்சு சார்ட் பண்ணினோம். அந்தப் பதினாலுல "மாசம்"னு ஒரு காலம் இல்லை.

அப்படித்தான் ஜூலை முதல் வாரம் புக்கெட்ல இருந்தோம். ரெண்டு நாள் விடாம மழை. மூணாவது நாள் காலைல பளிச்சுன்னு வெயில். கரோன் பீச்சுக்குப் போனோம். மேற்கே பார்த்த, நீளமான, நேரான கரை. மணல்ல வரிசையா சிவப்புக் கொடி நட்டு வச்சிருந்தாங்க. தண்ணியில யாருமே இல்லை.

நான் சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கு: "வெயில் அடிக்குது, எதுக்குடா சிவப்புக் கொடி? நேத்து வச்சதை எடுக்க மறந்திருப்பாங்க." வார்னிங் வந்தாலும் பில்ட் ஓடுதான்னு மட்டும் பார்க்கிற புத்தி.

ரெண்டு பக்கமும் அலை பெருசா உடைஞ்சுது. நடுவுல ஒரு இடத்துல மட்டும் அலையே இல்லாம, தண்ணி கொஞ்சம் கருப்பா, அமைதியா இருந்துச்சு. "அங்க இறங்கலாம், சேஃப்"னு நான்தான் கைகாட்டினேன்.

இடுப்பளவு வரைக்கும் போனோம். நண்பனுக்கு நீச்சல் தெரியாது, அவன் பயந்து முழங்கால் தண்ணிக்குத் திரும்பிட்டான். நான் எங்க ஊர்க் கிணத்துல நீச்சல் பழகினவன், அந்தத் தைரியத்துல இன்னும் ரெண்டு எட்டு வச்சேன். கால் தரையை விட்டுச்சு. திரும்பிப் பார்த்தா கரையில வச்ச எங்க பை எங்கயோ சின்னதா தெரியுது. என்னை எதுவும் பிடிச்சு இழுக்கிற மாதிரிகூட இல்லை. சும்மா மிதந்துட்டே தூரமா போயிட்டிருக்கேன்.

கரையைப் பார்த்து நீந்த ஆரம்பிச்சேன். முழு பலத்தோட. கொஞ்ச நேரம் கழிச்சுத் தலையைத் தூக்கினா பை அதே இடத்துல, அதே அளவுல இருக்கு. மறுபடி நீந்தினேன். கை மரத்துப் போச்சு. ரெண்டு மடக்கு உப்புத் தண்ணி உள்ளே போச்சு. அப்பதான் முதல் தடவையா தோணுச்சு: இது என்னால முடியாது.

கரையில என் நண்பன் சட்டையைக் கழட்டிட்டு இறங்கப் பார்த்திருக்கான். நீச்சல் தெரியாதவன்! ஒரு லைஃப்கார்டு அவனைப் பிடிச்சு உட்கார வச்சுட்டு, பெரிய போர்டு ஒண்ணை எடுத்துட்டு என்கிட்ட வந்தார். நேரா கரைக்குக் கூட்டிட்டுப் போகலை. பக்கவாட்டுல, அலை உடையுற இடத்துக்குத் தள்ளிட்டுப் போனார். அங்கிருந்து அலையே எங்களைக் கரையில கொண்டு வந்து போட்டுச்சு.

மணல்ல போட்ட படம்

அவர் திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. எனக்கு இருமல் நிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஈர மணல்ல விரலால ஒரு படம் போட்டார். கரைக்கு ஒரு கோடு. அதுக்கு எதிரே, கடலுக்குள்ள இன்னொரு கோடு, நடுவுல ஒரு இடைவெளி விட்டு. அந்த இடைவெளி வழியா கடலைப் பார்த்து ஒரு அம்புக்குறி.

அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் பேரு ரிப் கரன்ட். அந்தப் படத்தை இப்ப வார்த்தையில சொல்றேன்.

ஒவ்வொரு அலையும் கொஞ்சம் தண்ணியைக் கரைக்குக் கொண்டு வருது. வந்த தண்ணி திரும்பிப் போயாகணும். பல கடற்கரைகள்ல, கரையிலிருந்து கொஞ்ச தூரத்துல தண்ணிக்கடியில ஒரு மணல் திட்டு நீளமா இருக்கும். அலை அதுமேல ஏறி உடையும். திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணி, திரும்பிப் போக ஈஸியான வழி தேடும். திட்டுல எங்க பள்ளமோ அங்க எல்லாத் தண்ணியும் ஒண்ணு சேர்ந்து, குறுகலான ஆறு மாதிரி கடலுக்குள்ள ஓடும். மொட்டைமாடியில தேங்கின மழைத்தண்ணி மொத்தமும் அந்த ஒரு குழாய் வழியா இறங்குற மாதிரி.

பள்ளத்துல ஆழம் அதிகம். ஆழம் அதிகமான இடத்துல அலை உடையாது. அதனால பார்க்கிறதுக்கு அமைதியாவும் கருப்பாவும் தெரியும். நான் "சேஃப்"னு கைகாட்டினது சரியா அந்த இடத்தைத்தான்.

வேகம் எவ்வளவு? சாதாரணமா விநாடிக்கு 0.3-லிருந்து 0.6 மீட்டர். ஆனா விநாடிக்கு 2.4 மீட்டர் வரைக்கும்கூட அளந்திருக்காங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 2009-ல பிரேசிலோட செசார் சியெலோ 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 20.91 விநாடியில முடிச்சார். அது விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர். அந்த மாதிரி ஆளே 20 விநாடிதான் அந்த வேகத்துல போக முடியும். கடலுக்குக் களைப்பு கிடையாது.

நம்ம ஊர்ச் செய்திகள்ல "ராட்சத அலை இழுத்துச் சென்றது"ன்னு வரும். அந்த வார்த்தையால ஒரு தப்பான படம் மனசுல பதிஞ்சிடுது. உடையுற அலை ஆளைக் கரைப்பக்கம்தான் தள்ளும். உள்ளே கொண்டு போறது அலைக்கு நடுவுல ஓடுற இந்த ஓட்டம். இன்னொரு விஷயம், ரிப் ஆளைக் கீழே இழுக்காது, தூரமாத்தான் கொண்டு போகும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைச்சுப் போறதாலதான் பெரும்பாலும் ஆள் மூழ்குறாங்க.

அதனால மாட்டிக்கிட்டா:

முதல்ல எதிர்த்து நீந்தாதீங்க. மல்லாக்கப் படுத்து மிதங்க, மூச்சை நிதானத்துக்குக் கொண்டு வாங்க. ஒரு கையைத் தூக்கி ஆட்டி, சத்தம் போடுங்க. ஓட்டம் பொதுவா அலை உடையுற வரிசையைத் தாண்டினதும் பலம் இழந்திடும். சில இடங்கள்ல வட்டமாச் சுத்தி மறுபடி திட்டுப் பக்கமே கொண்டு வந்து விடும்.

தெம்பு இருந்தா, கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீந்துங்க. ரிப் குறுகலானது, சீக்கிரம் வெளிய வந்துடலாம். வெள்ளை நுரையோட அலை உடையுற இடம் வந்ததும், அதோட சேர்ந்து சாய்வா கரைக்கு வாங்க.

வேற ஒருத்தர் மாட்டிக்கிட்டா நீங்க குதிக்காதீங்க. காலி வாட்டர் கேன், தெர்மாகோல் பெட்டி, எது மிதக்குமோ அதைத் தூக்கிப் போடுங்க. லைஃப்கார்டைக் கூப்பிடுங்க. காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து போறதுதான் இதுல பெரிய சோகம். அன்னைக்கு அந்த லைஃப்கார்டு என்னைக் காப்பாத்துறதுக்கு முன்னாடி என் நண்பனைக் காப்பாத்தியிருக்கார்னு எனக்கு ராத்திரிதான் உறைச்சுது.

"இங்க குத்தாலத்துல நல்ல சாரல்"

அன்னைக்கு சாயங்காலம் தென்காசியிலிருந்து அம்மா போன். நடந்ததை நான் சொல்லலை. "ஏல, அங்கயும் மழையா? இங்க குத்தாலத்துல நல்ல சாரல், அருவியில தண்ணி அப்படி விழுது. நீ அங்க போய்க் கிடக்கியே"ன்னாங்க.

போனை வச்சதும் மேப்பைத் திறந்தேன். பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் அப்பதான் ஒண்ணு சேர்ந்துச்சு.

ஜூன்லிருந்து ஆசிய நிலப்பரப்பு சூடாகி, அங்க காற்றழுத்தம் குறையுது. இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று அதை நோக்கிப் பாயுது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி, செங்கோட்டைக் கணவாய் வழியா நுழையும்போது நமக்குக் குத்தால சாரல். அதே பருவக்காற்று அந்தமான் கடலைத் தாண்டிப் போய் தாய்லாந்தோட மேற்குக் கரையில மோதுது. புக்கெட், கிராபி, பீ பீ, கோ லாந்தா எல்லாம் அந்தக் கரையிலதான் இருக்கு. மே-லிருந்து அக்டோபர் வரைக்கும் அங்க மழையும் பெரிய அலையும்.

வெயில் அடிச்ச நாள்ல எதுக்குச் சிவப்புக் கொடின்ற கேள்விக்கும் இதுதான் பதில். நான் பார்த்த அலை எனக்கு மேல இருந்த மேகத்தால வந்தது இல்லை. ரொம்ப தூரத்துல, நடுக்கடல்ல காற்று கிளப்பின அலை. வானம் வெளுத்தாலும் அது வந்துட்டேதான் இருக்கும்.

குளிக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை, படகுக்கும் இதே ஆபத்துதான். 2018 ஜூலை 5 அன்னைக்கு புக்கெட் பக்கத்துல ஒரு சுற்றுலாப் படகு பெரிய அலையில கவிழ்ந்து 47 பேர் இறந்தாங்க. எல்லாரும் சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். அந்தப் பக்கம் இருக்கிற சிமிலன் தீவுகளை மே நடுவுல மூடி, அக்டோபர் நடுவுலதான் திறப்பாங்க. அது இப்பவும் ஒவ்வொரு வருஷமும் நடக்குது. "ஆஃப் சீசன்"னா கூட்டம் குறைவு, விலை குறைவுன்னு மட்டும் நான் நினைச்சிருந்தேன்.

அடுத்த கரை பக்கத்துலதான் இருக்கு

ரெண்டு நாள் நான் தண்ணி பக்கமே போகலை. நண்பன் ஊருக்குத் திரும்பிடலாம்னான். ஆனா மேப்ல இன்னொண்ணும் தெரிஞ்சுது. தாய்லாந்தோட தெற்குப் பகுதி வால் மாதிரி ஒல்லியா நீண்டு கிடக்கு. ரொம்பக் குறுகலான கிரா பகுதியில, ஒரு கடலுக்கும் இன்னொரு கடலுக்கும் நடுவுல சுமார் 44 கிலோமீட்டர்தான். நடுவுல மலை. தென்மேற்குக் காற்று மேற்குக் கரையில மோதிக் கொட்டிட்டு, கிழக்கே போகும்போது பலம் குறைஞ்சிடுது. நம்ம கேரளாவுல கொட்டும்போது தூத்துக்குடி காய்ஞ்சு கிடக்குற அதே கணக்கு.

பஸ் பிடிச்சு சூரத்தானிக்குப் போனோம். அங்கிருந்து படகுல கோ பாங்கான். அதே ஜூலை, அதே நாடு. கடல் குளம் மாதிரி கிடந்துச்சு. சின்னக் குழந்தைங்க கழுத்தளவு தண்ணியில நின்னு விளையாடுறாங்க. நான் முதல் நாள் இறங்கலை. ரெண்டாவது நாள் இடுப்பு வரைக்கும் போயிட்டு வந்தேன்.

ஆனா அந்தக் கரைக்கும் ஒரு கெட்ட மாசம் உண்டு. அக்டோபருக்கு மேல காற்று திசை திரும்புது. ஆசிய நிலம் குளிர்ந்து, வடகிழக்கிலிருந்து வீசுது. சென்னைக்கு மழை கொடுக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்று. அதே காலத்துல தாய்லாந்து வளைகுடாவுல கோ சாமுய், கோ பாங்கான், கோ தாவ் மூணுக்கும் அடி. நவம்பர்தான் அங்க மோசம். மலேசியாவோட கிழக்குக் கரையில இருக்கிற பெர்ஹென்தியான் தீவுகள்ல நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் பெரும்பாலான தங்குமிடங்களை மூடிடுவாங்க.

இந்தக் காற்றுக் கணக்கு நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்லைங்க. புக்கெட்டுக்கு வடக்கே, அதே அந்தமான் கரையில தக்குவாபான்னு ஒரு ஊர். அங்க ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. அவனிநாரணம்னு ஒரு குளம் வெட்டினதையும், அது மணிக்கிராமத்தார்ங்கிற வணிகக் குழுவோட பாதுகாப்புல இருந்ததையும் அது சொல்லுது. பாய்மரக் காலத்துல ஒரு காற்றுல போனவங்க, அடுத்த காற்று திரும்புற வரைக்கும் காத்திருந்துதான் ஊருக்கு வரணும். நாங்க பதினாலு காலம் போட்ட ஷீட்ல விட்டது அவங்களுக்கு முதல் வரியா இருந்திருக்கும்.

அப்போ எந்த மாசம் எங்கே?

ஆப் எதுவும் தேவையில்லை. நம்ம ஊரை வச்சே ஞாபகம் வச்சுக்கலாம்.

குத்தாலத்துல சீசன்னா, அதாவது ஜூன்லிருந்து ஆகஸ்ட் வரைக்கும், அந்தமான் கரை வேண்டாம். வளைகுடாத் தீவுகள், பெர்ஹென்தியான், வியட்நாம்ல டா நாங் பக்கம் போங்க.

சென்னையில மழைக்கு ஸ்கூல் லீவு விடுறாங்கன்னா, அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைக்கும், கோ சாமுய் பக்கம் வேண்டாம். மத்திய வியட்நாமும் வேண்டாம், ஹோய் ஆன்ல அக்டோபர், நவம்பர்ல தெருவுக்குள்ள வெள்ளம் வர்றது வழக்கம்.

மார்கழிக் குளிர், பொங்கல் லீவுன்னா புக்கெட், கிராபி, லங்காவி, வியட்நாமோட ஃபூ குவோக். கடல் அமைதியா இருக்கும். விலை ஏறித்தான் இருக்கும், இப்ப ஏன்னு புரியும்.

பாலி தனிக் கணக்கு. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும் வறண்ட காலம், நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் மழை. ஆனா மழை இல்லைன்னா கடல் அமைதின்னு அர்த்தம் இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடல்லிருந்து பெரிய அலை வர்றதாலதான் சர்ஃபிங் பண்றவங்க அந்த வறண்ட மாசத்துலயே அங்க போறாங்க. கூட்டா மாதிரி கரைகள்ல கொடியைப் பார்க்காம இறங்காதீங்க.

நகரங்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பாங்காக்ல மழைக்காலம்னா பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல கொட்டிட்டு நின்னுடும், செப்டம்பர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ஏப்ரல் நடுவுல போனா சொங்க்ரான் பண்டிகை, ரோட்டுல போற எல்லார் மேலயும் தண்ணி ஊத்துவாங்க. சியாங் மாய்க்கு மட்டும் மழையை விட புகைதான் பிரச்சினை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வயலையும் காட்டையும் எரிக்கிற புகை அங்க வந்து தேங்கிடும்.

கொடி விஷயம் ஒண்ணு: சிவப்புன்னா இறங்கக் கூடாது. சிவப்பு மஞ்சள் ரெண்டு கொடி தள்ளித் தள்ளி நட்டிருந்தா, அந்த ரெண்டுக்கும் நடுவுல லைஃப்கார்டு பார்த்துட்டிருக்காங்கன்னு அர்த்தம். அந்த இடத்துல மட்டும் குளிங்க.

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். ஜூலைல புக்கெட் போகலாமா? போகலாம். பழைய டவுன்ல சுத்துங்க, நல்லா சாப்பிடுங்க, மழையைப் பாருங்க. கடல்ல இறங்கத்தான் போறீங்கன்னா அடுத்த கரைக்குப் போங்க.

பெசன்ட் நகர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊருக்குத் திரும்பி வந்த அப்புறம், ஒரு ஞாயிறு சாயங்காலம் எலியட்ஸ் பீச்சுக்குப் போனேன். வருஷக்கணக்கா போற இடம். அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்தக் கடலைப் பார்த்தேன்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையுது. நடுவுல ஒரு பட்டை மட்டும் கருப்பா, அமைதியா. நுரை அது வழியா மெதுவா கடலுக்குள்ள போயிட்டிருக்கு.

அதுக்கு நேரா ஒரு குடும்பம். ரெண்டு பசங்க முழங்கால் தண்ணியில குதிச்சிட்டிருக்காங்க. அவங்க அப்பா அம்மா பார்த்துப் பார்த்து, அலை இல்லாத இடமா தேர்ந்தெடுத்து நிக்க வச்சிருக்காங்க. நான் கரோன்ல பண்ணின அதே தப்பு. அக்கறையில பண்றது.

கிட்டப் போய், "அக்கா, பசங்களை இங்க விடாதீங்க, இந்த இடத்துல உள்ள இழுக்கும்"னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. எனக்கு வேற வழி தெரியலை. மணல்ல குத்த வச்சு உட்கார்ந்து விரலால ஒரு கோடு போட்டேன். எதிர்ல இன்னொரு கோடு, நடுவுல இடைவெளி, ஒரு அம்புக்குறி. அப்பாக்காரர் படத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், எதுவும் பேசாம போய் ரெண்டு பசங்களோட கையையும் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தார்.

இந்த எபிசோடை யாருக்காவது அனுப்பணும்னா, அடுத்த மாசம் டிக்கெட் போட்டிருக்கிற நண்பனுக்கு அனுப்புங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா இருங்க மக்களே.